பாட்டிக்கும் புரிய வேண்டிய சுவரொட்டி

கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மின்தூக்கியின் அருகே டிங்கிக் காய்ச்சல் பற்றிய சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஒருவர் அதைப் பார்க்கிறார். மலாய் படிக்க அவருக்குத் தெரியாது. தமிழ் எழுத்தோ எறும்பு ஊர்வதுபோல் சிறியது. அதற்குள் மின்தூக்கி வந்துவிடுகிறது. அரசாங்கம் சொல்ல வந்தது அவரிடம் போய்ச் சேர்ந்ததா?

இதே சிக்கலை 1930களில் அமெரிக்காவும் சந்தித்தது. அங்கே அப்போது பத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்பதில் மின்சாரம் இல்லை. அதைக் கொண்டு செல்ல 1935இல் கிராம மின்மய நிர்வாகம் அமைக்கப்பட்டது. அதற்கு 1937 முதல் சுவரொட்டிகளை வடிவமைத்தவர் லெஸ்டர் பீல். அதிகம் படிக்காத விவசாயிகளும் பார்ப்பார்கள் என்பதால், விளக்கு, வானொலி, குழாய்த் தண்ணீர் என்று தாளுக்கு ஒரே பொருளைத்தான் காட்டினார். தட்டையான வண்ணம், தடித்த அம்புக்குறி, ஓரிரு சொற்கள். நவீன வடிவமைப்பு என்பது இதுதான். அலங்காரத்தைக் கூட்டுவதல்ல, தேவையில்லாததைக் கழிப்பது.

இந்தியாவில் 1960களின் இறுதியில் இதே வழி பின்பற்றப்பட்டது. தலைகீழான சிவப்பு முக்கோணம். கூடவே தாய், தந்தை, மகன், மகள் என நான்கு முகங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் டி.கே. தியாகி முன்னின்று பரப்பிய சின்னம் இது. எழுத்தறியாதவருக்கும் விளங்கும்; சாதாரண ஓவியரும் சுவரில் வரைந்துவிடலாம்.

ஆனால், 1975 முதல் 1977 வரை நீடித்த அவசரநிலைக் காலத்தில் பலர் வற்புறுத்திக் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். அந்தச் சின்னத்தின் பின்னால் இருந்த திட்டத்தின் மீதே மக்களுக்கு அச்சம் பிறந்தது. சின்னம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதை ஒட்டுபவர் மீது நம்பிக்கை இல்லையென்றால் பயனில்லை.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் தெளிந்த நீரில்தான் பெரும்பாலும் பெருகுகிறது. சுவரொட்டியில் நாற்றமெடுக்கும் சாக்கடையை மட்டும் வரைந்தால், "நம் வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று பாட்டி நினைத்துவிடுவார். பூச்சட்டியின் அடித்தட்டு, மூடாத வாளி, பூச்சாடி ஆகியவற்றையே காட்ட வேண்டும். வாரத்தில் பத்து நிமிடம் இவற்றைச் சோதிக்கும்படி சுகாதார அமைச்சு வலியுறுத்தி வந்திருக்கிறது. கவிழ்த்த வாளி ஒன்று, கடிகாரம் ஒன்று, செய்தி முடிந்தது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல மொழிக்காரர்கள் ஒரே சுவரைப் பார்க்கிறார்கள். எல்லா மொழிகளையும் ஒரே தாளில் திணித்தால் எதையும் படிக்க முடியாது. மலாய் வாசகத்திற்கு ஒதுக்கிய இடத்தில், நீண்ட தமிழ் மொழிபெயர்ப்பு அடங்காது, எழுத்து சுருங்கிவிடும். படம் பொதுவாக இருக்கட்டும். தமிழ் வாசகத்தைத் தமிழிலேயே யோசித்து எழுதட்டும். "தேங்கிய நீரைக் கொட்டுங்கள்" என்ற மூன்று சொல் போதாதா?

குடியிருப்புச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் சொந்தமாக அறிவிப்பு அச்சிடும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தாளைச் சுவரில் ஒட்டி, ஐந்தடி தள்ளி ஒரு பாட்டியை நிற்க வையுங்கள். என்ன செய்யச் சொல்கிறது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அச்சிடலாம். இல்லாவிட்டால் மாற்ற வேண்டியது தாளைத்தான், பாட்டியை அல்ல.