முத்துச்சிப்பியும் நாடாப்புழுவும்

மன்னார்த்தீவின் தெற்கே, அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்களுக்கு எதிரே கடலடியில் உள்ளன முத்துப்பார்கள். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது முன்னோர் கொள்கை. அதனை விடுத்துச் சிப்பியின் உடலுள் வாழும் புழுக்களின்மேல் கருத்தைச் செலுத்தியவர் இலங்கை மருத்துவரான கெலாட். அவர் 1850களின் இறுதியில் இதனைக் குறித்தார். 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஏர்ட்மனும் துணைவர் ஜேம்ஸ் ஓர்ணலும் பார்களை ஆராய வந்தபோது அக்குறிப்பு விரிவான கொள்கையாக வளர்ந்தது.

சிப்பியின் இழையங்களில் அவர்கள் கண்டவை நாடாப்புழுவின் நுண்ணிய குடம்பிகள். ஒட்டுண்ணிகள் யாவும் ஒரே வகையில் பிறரைச் சார்ந்திருப்பனவல்ல. வைரசுக்குக் கலமே இல்லை; அது பிறிதோர் உயிரின் கலத்துட் புகுந்து, அக்கலத்தின் தொழிற்பாடுகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கின்றது. நாடாப்புழுவுக்கோ தசை உண்டு. முட்டையிடும் உறுப்புகளும் உண்டு. ஆயின் வாயும் குடலும் இல்லை. பிறர் செரித்த உணவைத் தோல்வழியே உறிஞ்சுவதற்கு அவை எதற்கு?

முதிர்ந்த புழு வாழுமிடம் திருக்கை மீனின் குடல். அதன் முட்டைகள் கழிவுடன் நீரிற் கலக்க, அவற்றினின்று வரும் குடம்பி, நீரை வடித்துண்ணும் சிப்பியினுட் செல்லும் என்பர். சிப்பியின் குருதிக் கலங்கள் அதனைச் சூழ்ந்து உறையமைத்துச் சிறைசெய்கின்றன. அங்கே அது முதிர்வதுமில்லை, முட்டையிடுவதுமில்லை. சிப்பியைத் திருக்கை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் நாளுக்காகவே காத்திருக்கின்றது. சிப்பி மாளும் அந்நாளே புழுவுக்கு வாழ்வு தொடங்கும் நாள். நூல்களில் வழங்கும் ‘விருந்துவழங்கி’ என்னும் சொல் இவ்விடத்துச் சற்றே கொடிய நகைச்சுவையாக ஒலிக்கின்றது.

சிறைப்பட்ட குடம்பியைச் சூழ்ந்து முத்துப்பொருள் படலம் படலமாகப் படிவதே உயர்ந்த முத்து என்றார் ஏர்ட்மன். இதனின்றும் சங்கடமான முடிபொன்று பிறந்தது. திருக்கை பார்களைச் சூறையாடும் பகை. அதனை ஒழித்தாற் சிப்பி பெருகும். ஆயின் புழு அற்றுப்போம், முத்தும் அற்றுப்போமன்றோ? அக்காலத்தில் இது வெறும் ஏட்டு வினா அன்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டில் அரசினர் பார்களை இலண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தனர். 1907ஆம் ஆண்டின் பின் சிப்பிவளம் குன்றிற்று. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. சுழியோடிகளின் பிழைப்பும் அதனோடு போயிற்று.

முத்தின் தோற்றம் பற்றிய கொள்கையும் நிலைக்கவில்லை. இலங்கை முத்துக்களை ஆராய்ந்த ஜேம்சன் 1912இல் அதனை மறுத்தார். முத்துக்களின் நடுவே புழுவைக் காண்டல் அரிதாயிற்று. ஓட்டை ஆக்கும் மென்மூடியின் கலங்கள் இடம்பெயர்ந்து, உடலுள்ளே பைபோல் அமைந்தாலன்றி முத்து விளையாது என்பதே இன்றைய முடிபு. வளர்ப்புமுத்துச் செய்வோர் சிறு மணியோடு மென்மூடித் துண்டொன்றையும் சேர்த்து வைப்பது இதனாலேயே. ஒட்டுண்ணி அக்கலங்களைக் குலைத்து முத்துக்கு வழிசெய்தல் கூடும். அதற்குமேல் அதற்குப் பங்கில்லை.

இவ்வினக் குடம்பிகள், விலைபெறும் முத்து விளையாத உணவுச் சிப்பிகளிலும் பிறநாட்டுக் கடல்களிற் காணப்படுகின்றன. திருக்கை வாராக்கால், அங்கும் அவை சிப்பியமைத்த உறையினுள்ளேயே மடிகின்றன.