ஒரே 'ஊர்'... ஆங்கிலத்தில் நாலு ஸ்பெல்லிங்! வளவனூருக்கு ஒன்று, கடலூருக்கு வேறு ஏன்?

வளவனூர்,

விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது வளவனூர் பேரூராட்சி. வளவன் என்றால் சோழ மன்னன். தமிழில் படித்தால் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் பஸ் போர்டிலோ, ரெயில் நிலைய பலகையிலோ ஆங்கிலத்தில் பார்த்தால்தான் சிக்கலே.

வளவனூர் பெயர் 'யு-ஆர்' என்று முடிகிறது. பக்கத்து மாவட்டமான கடலூர் 'ஓ-ஆர்-இ' என்று முடிகிறது. புதுச்சேரி எல்லைக்குள் போனால் பாகூர் 'ஓ-யு-ஆர்' என்று முடிகிறது. மூன்றுமே தமிழில் 'ஊர்'தான். பிறகு எதற்கு இத்தனை ஸ்பெல்லிங்? இது பற்றிய விவரம் வருமாறு:-

காதில் விழுந்ததை எழுதினார்கள்

கடலூரில் இருந்த கோட்டையை ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனி 1690-ம் ஆண்டு விலைக்கு வாங்கியது. அந்த காலத்தில் ஊர் பெயரை இப்படித்தான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிக்கொண்டார்கள். கடலூர், வேலூர், நெல்லூர், தஞ்சாவூர், நாகூர், கோயம்புத்தூர், சென்னை எழும்பூர் என்று அவர்கள் அதிகம் புழங்கிய ஊர்கள் எல்லாம் 'ஓ-ஆர்-இ' வால் பிடித்துக்கொண்டன.

கடலூரை கவனித்தால் ஆங்கிலத்தில் இரண்டு 'டி' இருக்கும். இரட்டை எழுத்து போட்டால் அதற்கு முன்னால் உள்ள உயிரெழுத்தை குறுக்கி சொல்ல வேண்டும் என்பது ஆங்கில வழக்கம். விழுப்புரத்துக்கு இரண்டு 'எல்' இருப்பதையும் அப்படி பார்க்கலாம். 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்தே இல்லாததால் 'எல்' போட்டார்கள். அதனால்தான் வெளிமாநிலத்துக்காரர்கள் நம்ம ஊரை "வில்லுபுரம்" என்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் கணக்கு வேறு

புதுச்சேரியை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் 'ஓ-யு' சேர்ந்தால் 'ஊ' என்று ஒலிக்கும். அதனால் பாகூரையும் வில்லியனூரையும் 'ஓ-யு-ஆர்' போட்டு எழுதினார்கள். பாகூருக்கு இன்றும் அதே ஸ்பெல்லிங்தான். வில்லியனூர் பிறகு 'யு-ஆர்' ஆகிவிட்டது.

விழுப்புரம்-புதுச்சேரி ரெயில் பாதை 1879-ம் ஆண்டு திறக்கப்பட்டது. வளவனூர், வில்லியனூர் எல்லாம் இந்த பாதையில்தான் வருகின்றன. ஒரே தண்டவாளத்தில் ஆங்கிலேயர் எழுத்தும் பிரெஞ்சுக்காரர் எழுத்தும் சந்தித்தது இப்படித்தான்.

'யு-ஆர்' வந்த கதை

ஒரே ஊரை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியதால் அரசு ஆவணங்களில் பெரிய குழப்பம் ஏற்பட்டது. 1870-களில் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதற்கு ஒரு முறையை வகுத்தார். அதன்படி 'உ', 'ஊ' ஓசைக்கு 'யு' போட வேண்டும். நெடில் என்றால் மேலே ஒரு குறி போட வேண்டும். நாளடைவில் அந்த குறி காணாமல் போய், வெறும் 'யு-ஆர்' நின்றது.

ஆனால் ஏற்கனவே பிரபலமான ஊர்களின் பழைய ஸ்பெல்லிங்கில் கை வைக்கவில்லை. அதனால் கடலூர், வேலூர் மாதிரி பெரிய ஊர்களுக்கு பழைய வால் அப்படியே தங்கிவிட்டது. வளவனூர், கரூர், திருவாரூர் எல்லாம் 'யு-ஆர்' ஆயின.

8 நாளில் வாபஸ்

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு ஒரு அரசாணை வெளியிட்டது. தமிழில் சொல்வது போலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று 1,018 ஊர்களின் ஸ்பெல்லிங்கை மாற்றியது. இதில் 'ஊர்' என்பது 'ஓ-ஓ-ஆர்' ஆனது. இதோடு நாலாவது ஸ்பெல்லிங்கும் வந்துவிட்டது.

ஆனால் வேலூருக்கு போட்ட எழுத்துக்களை படித்தால் "வீலூர்" என்று வந்தது. கோயம்புத்தூரின் ஸ்பெல்லிங் அனுமார் வால் மாதிரி நீண்டது. நாலாபக்கமும் கிண்டலும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாட்களிலேயே, ஜூன் 18-ந்தேதி அரசாணை வாபஸ் பெறப்பட்டது. கர்நாடகாவில் மட்டும் 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி பெங்களூரு, மங்களூரு, மைசூரு பெயர்களில் இருந்த 'ஓ-ஆர்-இ' நீக்கப்பட்டது. அது இன்று வரை நீடிக்கிறது.

எப்படி எழுதினாலும் தப்பு!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கில பாடம் படிக்கும் பிள்ளைகளை கேட்டாலே தெரியும்.

'ஓ-ஆர்-இ' என்றால் ஸ்டோர், ஸ்கோர் மாதிரி 'ஓர்' என்று வரும். 'யு-ஆர்' என்றால் டர்ன், பர்ன் மாதிரி 'அர்' என்று வரும். 'ஓ-ஓ-ஆர்' போட்டாலும் டோர், ஃப்ளோர் என்று மறுபடியும் 'ஓர்'தான். 'ஓ-யு-ஆர்' இன்னும் மோசம். ஃபோர் என்றும் வரும், டூர் என்றும் வரும், மணியை குறிக்கும் அவர் என்றும் வரும்.

எழுத்து ஒன்று, சத்தம் பல என்பதுதான் ஆங்கிலத்தின் குணம். அதனால் எந்த ஸ்பெல்லிங் போட்டாலும் தமிழ் தெரியாதவர் வாயில் 'ஊர்' சரியாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகள் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி படிக்கும்போது தடுமாறினால், மக்கு என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. தடுமாற வைப்பது அந்த மொழிதான்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

எது சரி என்று சண்டை போடுவதை விட, எல்லா பேப்பரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். பள்ளி சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பேங்க் புத்தகத்தில் இன்னொன்று என்று இருந்தால் அலைச்சல் நமக்குத்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த ஊரையும் எழுத வேண்டும். பிள்ளையை பள்ளியில் சேர்க்கும்போதே பிறப்பு சான்றிதழில் உள்ளபடி பெயரையும் ஊரையும் எழுதிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

தபாலில் பின்கோடு மறக்காமல் எழுத வேண்டும். ஊர் பெயர் குழப்பத்தை தீர்ப்பதற்காகவே 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி அது கொண்டு வரப்பட்டது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் முதல் மூன்று எண்கள் 605 என்று ஒன்றாக இருப்பதால், கடைசி மூன்று எண்களில் கவனம் தேவை.

ரெயில் டிக்கெட் எடுக்கும்போது ஸ்பெல்லிங் தெரியாவிட்டால் நிலையத்தின் குறியீட்டை போடலாம். விழுப்புரம் என்றால் 'வி-எம்', திண்டிவனம் என்றால் 'டி-எம்-வி'. இதை மனசுல வச்சிக்கிட்டா போதும், எத்தனை 'எல்' என்று தலையை பிச்சிக்க வேண்டியதில்லை.