மூலமாகத்தான் இருக்கும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஆகாரம் கூழ்தான். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சியது. கடித்துக்கொள்ள வெங்காயமோ மோர்மிளகாயோ இருக்கும். ஏரி மதகு திறந்துவிட்டால் நடவு, களை, அறுப்பு என்று உடம்பு குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கூழைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. வறுமை காய்ச்சிய கூழ் அது. ஆனால் அதில் நார்ச்சத்து இருந்தது.

உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அரிது, சுத்திகரித்த மாவும் இறைச்சியும் தின்னும் மேலை நாட்டாருக்கு அது மிகுதி என்றார். நம் கிராமங்களும் அன்று அந்த ஆப்பிரிக்க வரிசையில்தான் இருந்திருக்கும். நிச்சயமாகச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அன்று எண்ணியவர் இல்லை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடே 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. மாநிலம் முழுமைக்குமான பதிவுத் திட்டம் 2012இல். இன்னொன்று, 1970களின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 50ஐ ஒட்டியே இருந்தது. இந்த நோய் வரும் வயது வரை பலர் இருக்கவில்லை.

இன்று விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மறைமலைநகர், ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு இளைஞர்கள் காத்து நிற்கிறார்கள். ஷிப்டு முடிந்து இறங்கினால் பரோட்டா, சிக்கன் ரைஸ். வீட்டில் பட்டை தீட்டிய வெள்ளை அரிசி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் எடை மிகுந்தவர்கள் 2015–16இல் 31 சதவீதம், 2019–21இல் 40. உடல் பருமன், உழைப்புக் குறைவு, மது, புகை, பதப்படுத்திய இறைச்சி எல்லாமே இந்த நோயின் கூட்டாளிகள். ஜப்பான் இந்த வழியில் நமக்கு முன்னே போன நாடு. அங்கே அரிதாக இருந்த நோய், இரண்டே தலைமுறையில் மேலை நாடுகளுக்குச் சமமாக வந்து நின்றது.

2022இல் உலகில் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 70 ஆயிரம். வயது விகிதத்தைச் சரிசெய்து பார்த்தால் உலகில் லட்சத்துக்கு 18 பேர், நமக்கு 5. குறைவுதான். ஆனால் நம் நோயாளிகளில் இளவயதினர் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம், மலக்குடலில் வருவதும் அதிகம். முற்றிய பிறகே பலர் வருகிறார்கள்.

ஏன் முற்றவிடுகிறோம்? சாப்பாடு மாறியது, வேலை மாறியது, பேச்சு மட்டும் மாறவில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால் அன்றும் "மூலச்சூடு", இன்றும் "மூலமாகத்தான் இருக்கும்". வெந்தயம், மோர், கருணைக்கிழங்கு. அதற்கும் நிற்காவிட்டால், ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணமாகும் என்று சுவரில் எழுதியிருக்கும் முகவரி. பெண்கள் அதையும் வெளியே சொல்வதில்லை. சோகை வந்தால் மாதவிலக்கின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். ரத்தம் பெரும்பாலும் மூலத்தால் வருவதுதான், மறுக்கவில்லை. அது மூலம்தானா என்று யாராவது பார்க்க வேண்டாமா? மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகளில் பல, மருத்துவரின் கையுறை போட்ட விரலுக்கே தட்டுப்படும். ஒரு நிமிட வேலை. வெட்கத்தால் நாம் கேட்பதில்லை; கூட்டத்தால் அவர்களும் செய்வதில்லை.

குடலின் உள்ளே முளைக்கும் சிறிய சதைமுளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டு போலப் பிடிக்கும். அதற்குள் கண்டால், குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிலேயே வெட்டி எடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை உண்டு, குடலுக்கு இல்லை. லட்சத்துக்கு 5 பேர் என்ற நிலையில் எல்லோருக்கும் கொலனோஸ்கோப்பி கேட்பது நியாயமில்லை. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர், "வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதாம்மா?" என்று கூடுதலாக ஒன்று கேட்கலாம் அல்லவா? ஆமாம் என்பவரை அனுப்பிவைக்க, மதுராந்தகத்திலிருந்து 25 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.