கனிமத்தின் ஊரைக் கேட்ட மாணவர்கள்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கில் உள்ள வடக்கு கிவு, தெற்கு கிவு, இத்தூரி மாகாணங்களில் வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் தாதுக்கள் கிடைக்கின்றன. மின்னணுப் பொருட்களில் நான்குக்கும் இடமுண்டு. கோல்டான் என்னும் கரிய தாதுவிலிருந்து எடுக்கப்படும் டாண்டலம் மின்தேக்கிகளுக்குப் பயன்படுகிறது; சுற்றுப்பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்க வெள்ளீயம் வேண்டும்; செல்பேசியை அதிரச் செய்யும் மோட்டாரில் டங்ஸ்டனும், மின் இணைப்புகளில் தங்கமும் உண்டு. இவற்றின் வருமானம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போகும்போது இவை 'மோதல் கனிமங்கள்' எனப்படுகின்றன.

1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையைத் தொடர்ந்து போர் எல்லை தாண்டிக் காங்கோவுக்குப் பரவியது. 1996–97இலும் 1998–2003இலும் இரு பெரும் போர்கள் நடந்தன. அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகும் கிழக்கில் துப்பாக்கிகள் ஓயவில்லை. ஆயுதக் குழுக்களும் ராணுவத்தின் சில பிரிவுகளும் சுரங்கங்களைக் கைப்பற்றின. சாலைகளில் தடுப்பு போட்டு, தாது மூட்டை சுமந்து வருவோரிடம் வரி பறித்தன. கிராமங்களை அடக்கிவைக்க, பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையையே ஆயுதமாக்கின. அந்தப் பெண்களுக்குப் புகாவு நகரின் பான்சி மருத்துவமனையில் சிகிச்சை அளித்த டாக்டர் டெனிஸ் முக்வேகே 2018இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கனிமக் கொள்ளையைத் தடுக்காமல் இந்தக் கொடுமை ஓயாது என்று அவர் தொடர்ந்து சொல்லிவருகிறார்.

இந்தச் செய்தியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுசென்றவர்கள் மாணவர்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்குத் துணைபோன நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகங்கள் முதலீட்டைத் திரும்பப் பெறும்படி 1980களிலேயே மாணவர்கள் போராடியிருந்தார்கள். 2004இல் சூடானின் டார்ஃபூர் படுகொலைகளை எதிர்த்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 'ஸ்டாண்ட்' என்ற மாணவர் அமைப்பு தோன்றியது. இவ்வமைப்பும் 'இனஃப் புராஜெக்ட்' என்ற மனித உரிமைக் குழுவும் பின்னர் கல்வி வளாகங்களில் மோதல் கனிமங்களுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கின.

மாணவர்கள் கண்ட வழி எளியது. ஒரு பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் கணினிகளை வாங்குகிறது. பெரிய நிறுவனங்களில் பங்குகளும் வைத்திருக்கிறது. தனி மாணவரின் கேள்விக்குப் பதில் சொல்லாத நிறுவனம், இத்தகைய வாடிக்கையாளரை அலட்சியப்படுத்த முடியாது. எனவே மாணவர் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றுவது, நிர்வாகக் குழுவிடம் மனு கொடுப்பது, மோதலுக்குத் துணைபோகாத பொருட்களுக்குக் கொள்முதலில் முன்னுரிமை கேட்பது எனப் படிப்படியாக நகர்ந்தார்கள். 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், மோதல் கனிமங்கள் பற்றிய பங்குதாரர் தீர்மானங்களில் எப்படி வாக்களிப்பது என்பதற்கு நெறிமுறை வகுத்தது. பிரிட்டன், கனடா மாணவர்களும் இதே கோரிக்கையை எழுப்பினார்கள்.

2010 ஜூலையில் அமெரிக்கா நிறைவேற்றிய டாட்–ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு இந்த முயற்சிகளுக்கு வலுச் சேர்த்தது. தங்கள் கனிமங்கள் காங்கோவிலிருந்தோ அதன் ஒன்பது அண்டை நாடுகளிலிருந்தோ வந்தனவா என்று பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள் ஆராய்ந்து வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றது அது. வாங்குவதை அது தடை செய்யவில்லை. 2014 ஜனவரியில் இன்டெல் நிறுவனம், தன் நுண்செயலிகளில் மோதல் கனிமங்கள் இல்லை என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

ஆனால் இந்த நடவடிக்கைகளின் சுமை சுரங்கத் தொழிலாளர்கள் தலையிலும் விழுந்தது. 2010 செப்டம்பரில் காங்கோ அரசு கிழக்கில் சுரங்கத் தொழிலைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. எதற்கு வம்பு என்று பல வெளிநாட்டு நிறுவனங்களும் காங்கோவின் தாதுவையே ஒதுக்கின. கடப்பாரையும் மண்வெட்டியுமாக உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். காங்கோ மக்களின் குரலைக் கேட்காமல் தீர்வு வகுத்ததே தவறு என்று 2014இல் ஆய்வாளர்களும் செயற்பாட்டாளர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தாது மூட்டைகளில் பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளச் சீட்டு கட்டும் முறை வந்த பின்னும் கடத்தல் தொடர்ந்தது. சிறு அளவிலேயே பெரும் மதிப்புள்ள தங்கத்தைக் கண்காணிப்பது இன்னும் கடினம்.

காங்கோ இளைஞர்களும் கைகட்டி நிற்கவில்லை. 2012இல் கோமா நகரில் தொடங்கப்பட்ட 'லுச்சா' இயக்கம், குடிநீர், வேலை, பாதுகாப்பு, நேர்மையான ஆட்சி ஆகியவற்றுக்காக அறவழியில் போராடுகிறது. அதன் உறுப்பினர்கள் பலமுறை கைதாகியிருக்கிறார்கள். போரின் நடுவே வாழ்ந்துகொண்டு நடத்தும் போராட்டம் இது. வெளிநாட்டு மாணவர்கள் முதலில் செவிசாய்க்க வேண்டிய குரலும் இதுவே.

2024இல் எம்23 என்ற ஆயுதக் குழு ருபாயா கோல்டான் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. 2025 ஜனவரியில் கோமாவும் அதன் வசமானது. வெளிப்படைத்தன்மைச் சட்டங்களால் மட்டும் போர் நிற்காது என்பதற்கு இது சான்று. அதே சமயம், கனிமத்தின் பிறப்பிடத்துக்கு நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறி நிலைபெற்றதில் மாணவர்களின் பங்கு உண்மையானது. அந்த நெறி முழுப் பயன் தர, தொழிலாளர்களுக்கு நியாயமான கூலியும், குற்றமிழைத்தவர்களுக்குத் தண்டனையும், காங்கோ மக்களுக்குத் தங்கள் மண்ணின் வளத்தில் உரிய பங்கும் கிடைத்தாக வேண்டும்.