அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கொட்டேஷன், பாதிப் பணம் போனதற்கான வங்கி விவரம், கதவு மாட்டாமல் நிற்கும் சமையலறை. பெங்களூர் பிரேசர் டவுன் பக்கமிருந்து இன்டீரியர் தகராறு என்று வருகிறவர்களிடம் பெரும்பாலும் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால், “தெரிஞ்சவங்க சொல்லி வந்தவரு, எழுதிக் கொடுங்கன்னு எப்படிக் கேக்குறது?” என்கிறார்கள். எட்டு லட்ச ரூபாயைக் கூச்சமில்லாமல் கொடுக்க முடிகிறது. நான்கு பக்கத் தாளைக் கேட்கத்தான் கூச்சம் வந்துவிடுகிறது.

1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பிறகு, காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், எலி அண்டக் கூடாது என்று யோசித்து 1906 வாக்கில் உருவாக்கப்பட்ட பேட்டை பிரேசர் டவுன். குடியிருப்பவரின் உடல்நலத்தை முன்வைத்துத்தான் இங்கே மனை பிரித்தார்கள். பங்களாக்கள் இடிந்து அபார்ட்மென்ட்கள் எழுந்த பின், வீட்டின் உள்ளே வருவது எங்கோ கம்ப்யூட்டரில் போட்ட படம். அண்மையில் பார்த்த ஒரு சமையலறையில் மைக்ரோவேவுக்குத் தனி அறை, ஒயின் கிளாஸ் தொங்கவிடக் கம்பி எல்லாம் இருந்தன. கிரைண்டருக்கு மட்டும் இடமில்லை. மேடையில் வைத்தால் மேல் அலமாரி இடிக்கிறது. கீழே வைத்தால் பிளக் எட்டவில்லை. கடைசியில் அது பால்கனியில், எக்ஸ்டென்ஷன் ஒயரோடு, சாரல் அடிக்கும் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு மாவு தள்ளுகிற அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கைப்பிடி இல்லாத இழுப்பறைகளை மூட்டுவலியுள்ள அவர் விரலால் திறக்கவும் முடியவில்லை.

வீடு வசதியாக இல்லை என்று எந்த அலுவலகத்திலும் புகார் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்ததைச் செய்யவில்லை என்றால் கொடுக்கலாம். ஆகவே உங்கள் வீட்டு ஆட்களின் தேவையை ஒப்பந்த வாசகமாக மாற்றுங்கள். மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப எத்தனை மில்லிமீட்டர், கிரைண்டருக்கு எங்கே பிளக், பாட்டியின் குளியலறையில் வழுக்காத டைல், சுவரில் பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி நுழைய 900 மி.மீ. வாசல், தொழுகைக்கோ பூஜைக்கோ விட வேண்டிய இடம் எல்லாவற்றையும் அளவோடு எழுதி, வரைபடத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ‘3டி’ படம் அழகாக இருக்கிறதென்று மயங்கிவிடாதீர்கள். அதில் அளவு இருக்காது.

பொருளின் பெயரும் அப்படித்தான். ‘நல்ல பிளைவுட்’ என்று எழுதினால் அது சட்டத்தின் முன் எதுவுமில்லை. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710, மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303 என்று தரக் குறியீடு, பிராண்டு, தடிமன் எழுத வேண்டும். பலகை வந்திறங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது பார்ட்டிகிள் போர்டா என்பது உடைத்தால்தான் தெரியும்.

இன்டீரியர் டிசைனர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், தடுக்கச் சட்டமில்லை. ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணையும் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபாருங்கள். ‘பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்’ என்பவரிடம் நீங்கள் சேமிப்பது வரி, இழப்பது ஆதாரம். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை உடைப்பதாயிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்து மூலமான கருத்தும் அசோசியேஷன் அனுமதியும் இல்லாமல் சுத்தியலைத் தொட விடாதீர்கள். கட்டிடத்தின் பாதுகாப்பைக் கெடுக்கும் வேலையைக் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டமே தடுக்கிறது.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒவ்வொரு தவணையும் முடிந்த வேலைக்கு எதிராக இருக்கட்டும், கடைசி ஒரு பங்கு குறைகள் சரிசெய்த பிறகு. இதையும் எழுதி வாங்குங்கள்.

வாடகைக்கோ லீசுக்கோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பொருத்திய வார்ட்ரோபைக் கழற்றிக்கொண்டு போக, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வீடு உங்கள் கையில் இருக்கும் வரைதான். சாவி கொடுத்த பின் கேட்டுப் பயனில்லை.

இனி, வேலை நின்றுவிட்டால். போனில் சண்டை போடுவதை முதலில் நிறுத்துங்கள். குறைகளைப் பட்டியலிட்டு, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே சமரச முயற்சிதான் நடக்கும், தீர்ப்பு வராது. அதை நம்பி மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடக் கூடாது.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. ‘தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதை உறுதி செய்தது. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தம், கையெழுத்திட்ட வரைபடம், பில், வங்கி விவரம், தேதியோடு போட்டோக்கள், நோட்டீசும் அது சேர்ந்ததற்கான அத்தாட்சியும், ஒரு பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்தால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழையும் சேருங்கள். போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. மறுபடியும் சொல்கிறேன், இரண்டே ஆண்டு. ‘அடுத்த மாசம் முடிச்சுத் தரேன்’ என்ற பேச்சிலேயே அது கரைந்துவிடும்.

சிலர் நேராகக் காவல் நிலையம் போகிறார்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அங்கே பழக்கமாகிவிட்டது. தரக்குறைவான வேலைக்கு அந்தப் பதில் சரி. பொய்ப் பெயரில் பணம் வாங்கியவர், ஒரே நேரத்தில் பலரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கடையைப் பூட்டியவர் விஷயத்தில் சரியல்ல. அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு. புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை கேளுங்கள், மறுத்தால் எண்டார்ஸ்மென்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உயரதிகாரிக்குத் தபாலில் அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) வழி தருகிறது.

பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் கொடுத்த செக் திரும்பினால் அங்கே நாள் கணக்கு இன்னும் கடுமை. வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவின் கீழ் வழக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் பொறுக்கலாம், அதை நம்பி இறங்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் ஜெயித்தவர்கள் பலர் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உத்தரவுப்படி பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். கீழ்ப்படியாதவருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க நுகர்வோர் சட்டத்தின் 72ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று விட்டுவிடாதீர்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.