கண்ணீரும் கடமையும்



"காஸாவின் காட்சிகளைப் பார்த்தால் சோறு இறங்குதில்ல. தொழுகையிலயும் மனம் நிக்குதில்ல. எங்கட ஈமான்தான் பலவீனமா?" இளைஞர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இன்றைய உரைக்கு இதனையே பொருளாகக் கொள்கிறேன்.

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் மூண்ட போரில் காஸாவில் மாண்டோர் தொகை 60,000ஐத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார அமைச்சு 2025 ஜூலையில் அறிவித்தது. மாண்டோரில் குழந்தைகள் பல்லாயிரம். இதனைக் கேட்டு நெஞ்சு பதறாவிட்டால் அன்றோ நாம் அஞ்ச வேண்டும்!

அழுவது ஈமானின் குறையன்று. தமது பாலகன் இப்ராஹீம் மரணித்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அக்கண்ணீர் இரக்கத்தின் வெளிப்பாடு என்றும் விளக்கினார்கள். மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பூத்துப்போனதைத் திருக்குர்ஆன் கூறுகின்றது. ஆயினும் அவர்கள் இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை. துயரம் வேறு, நம்பிக்கையிழத்தல் வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

அவ்வாறே, துயருறுவது வேறு, ஓயாது பார்த்துக்கொண்டிருப்பது வேறு. முன்னர் வானொலிச் செய்திக்கு ஒரு நேரம் இருந்தது. கேட்டோம், கலங்கினோம், பின் அடுத்த வேலைக்கு எழுந்தோம். கைத்தொலைபேசிக்கோ நேரமேது? 2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குண்டுகள் வெடித்தபின், கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் மக்களின் மனநிலையை ஆராய்ந்தனர். அடுத்து வந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அச்செய்திகளில் மூழ்கியிருந்தோரிடம், சம்பவத்தை நேரடியாக எதிர்கொண்டோரைவிடக் கூடிய மன அழுத்தம் காணப்பட்டது.

"பார்க்காமல் விட்டால் அவர்களைக் கைவிட்டதாகாதா?" என்பீர்கள். ஆகாது. உண்மையை அறிய, நம்பத்தகுந்த செய்தியை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நள்ளிரவில் நாம் தூக்கம் கெட்டுக் கிடப்பதால் அங்கே ஒரு குழந்தையின் பசியும் தீரப்போவதில்லை.

இவ்விடத்தில் இலக்கியம் நமக்குத் துணை வருகிறது. காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் ரிஃபஅத் அல்அரீர். காஸாவின் இளையோர் எழுதிய சிறுகதைகளைத் தொகுத்து 2014இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 'காஸா பதில் எழுதுகிறது' என்பது அதன் தலைப்பின் பொருள். 2023 டிசம்பர் 6ஆம் திகதி இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். குண்டுகளின் நடுவே வாழ்ந்தோரே தம் வேதனைக்குச் சொல்லுருவம் கொடுத்தார்கள் என்றால், நாமும் அதனைக் கற்கலாம். நூறு காட்சிகளை விரலால் தள்ளிக்கொண்டு போவதைவிட, ஒரு கதையை நிதானமாக வாசியுங்கள். எண்ணிக்கையில் மறைந்துபோன மனிதரின் முகம் அங்கே தெரியும். உங்கள் மனத்தில் உள்ளதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

கோபம் வருவதும் நியாயமே. ஆனால் ஓர் இனத்தார் முழுவதையும் வெறுக்கும் அளவுக்கு அது வளரலாகாது. பகைமையிலும் நீதி தவறாதிருக்கும்படியே திருமறை நம்மைப் பணிக்கின்றது. இப்போரை எதிர்த்துப் பல நாடுகளில் வீதியில் இறங்கியோரில் யூதரும் இருந்தனர்.

சோதனைக் காலத்தில் ஐவேளைத் தொழுகையிலும் குனூத் ஓதும் வழக்கம் நம் ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. தனியே அழுதவன் ஜமாஅத்தோடு சேர்ந்து 'ஆமீன்' சொல்லும்போது நெஞ்சின் பாரம் சற்றே இறங்கும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டிருந்தால் வைத்தியரை நாடுங்கள். மருந்து தேடுவது மார்க்கம் அனுமதித்ததே.

மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடும்படி போதித்த மார்க்கம் நம்முடையது. இயன்ற ஸதகாவைக் கொடுங்கள். அயல்வீட்டு நோயாளியைப் போய்ப் பாருங்கள். படிக்கும் பிள்ளைகள் பாடத்தை விடாதீர்கள். துஆவுக்கு உயர்த்திய கைகள் இறங்கியதும், அவற்றுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கட்டும்.