வாளும் ஏடும் – 14: தோற்றவனுக்கும் ஒரு பாட்டு

வல்வில் ஓரியைக் காரி கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்த கதை போன வாரமே முடிந்தது. இந்த வாரம் ஈழப் போராளி மலரவனின் 'போர் உலா' நூல் என்று சொல்லியிருந்தேன். நடுவில் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கையில் அகப்பட்டது. கொல்லியை விட்டு இறங்க மனம் வரவில்லை.

பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும், அவனோடு நின்ற இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்றான். முரசும் குடையும் கைப்பற்றினான். பிறகு அதியமானின் தகடூரை அழித்தான். பெண்கள் கலங்கி அழுததையும் அந்தப் பதிகம் விடாமல் சொல்கிறது. வெற்றிப் பட்டியலுக்குள் அது இடம்பெற்றது எனக்குப் பெரிய விஷயம்.

பாடியவர் அரிசில் கிழார். அவருக்குக் கிடைத்த பரிசிலைக் கேளுங்கள். சேரனும் அரசியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். 9 லட்சம் காணம், கூடவே அரசுகட்டில்! முரசுகட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரை வெட்டாமல், விசிறி எடுத்து வீசியவனும் இதே சேரன்தான். தகடூரை அழித்த கையா இது என்று வியந்துகொண்டே இருக்கிறேன். அரிசில் கிழாரும் சளைத்தவரல்லர். நாட்டை நீயே ஆள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அமைச்சுப் பொறுப்பை மட்டும் ஏற்றார்.

ஆக, இவர் வென்ற பக்கத்து மனிதர். அப்படிப்பட்டவர்தான் தகடூர்க் களத்தில் விழுந்த அதியமான் எழினிக்காகவும் அழுதார். அந்தப் பாட்டு புறநானூற்றில் 230ஆவது. எழினியின் நாட்டில் மாடு கன்றோடு காட்டில் அச்சமின்றித் தங்கும், களத்து நெல்லுக்குக் காவல் வேண்டாம் என்று சொல்லி, கூற்றுவனைப் பார்த்துப் பேசுகிறார்: விதைநெல்லைச் சமைத்துத் தின்ற வறிய உழவனைப் போல் நீ நஷ்டப்பட்டாய், இவன் உயிரை விட்டுவைத்திருந்தால் இவன் கொல்லும் பகைவர் உயிரெல்லாம் உனக்குத்தானே கிடைத்திருக்கும்! சேரனுக்கு அதில் ஒரு சொல் புகழில்லை.

281ஆம் பாட்டும் அவருடையதே. அங்கே போர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புண்பட்டவன் கிடக்கிறான். வீட்டில் இரவமும் வேப்பிலையும் செருகுகிறார்கள்; வெண்சிறுகடுகு தூவுகிறார்கள்; யாழும் ஆம்பல் குழலும் ஒலிக்க, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை போடுகிறார்கள். வா தோழி, அந்தப் புண்ணைக் காப்போம் என்கிறாள் ஒருத்தி. களத்தில் எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற கணக்கு இல்லை. போரைக் கிட்டத்தில் கண்டவர் கவனம் போகிற இடம் இதுதான் என்று நம்புகிறேன். முதல் உலகப் போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4இல் மாண்ட ஆங்கிலப் படை அதிகாரி வில்ஃபிரட் ஓவனும் அப்படித்தான்: கொன்றவனும் கொல்லப்பட்டவனும் பாதாளத்தில் சந்தித்துப் பேசுவதாக ஒரு கவிதை எழுதினார்.

உ.வே.சா. புறநானூற்றை 1894இலும் பதிற்றுப்பத்தை 1904இலும் அச்சேற்றியதால்தான் சேரனின் வெற்றியையும் எழினியின் சாவையும் இன்று பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது. இரண்டையும் ஒரே இரவில் படித்துப் பாருங்கள். 1990இல் மாங்குளம் முகாமை நோக்கிப் போன மலரவன், அடுத்த வாரம்.